கடலோரத்தில் மலிவு கார்பன் ஃபிரேம்: ஆர்டர் போடுவதிலிருந்து புகார் கொடுப்பது வரை

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மலிவு விலை கார்பன் இழை ஃபிரேமைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "உடைஞ்சிருமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நான் பார்த்தவரை உடைந்த ஃபிரேம்களைவிடத் தொல்லை கொடுத்த ஃபிரேம்கள் பல மடங்கு அதிகம். பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் கிரீச்சிடும். ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான ஹெட்செட் ஆடும். சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். பின் கியர் மாட்டும் ஹேங்கர் வளைந்துபோய், மாற்று கிடைக்காமல் வண்டி மாதக்கணக்கில் சுவரோரம் நிற்கும். விற்றவருக்கு மெசேஜ் போட்டால் "கவலை வேண்டாம் நண்பரே" என்று பதில் வரும், பொருள் வராது.

அதனால் விற்பனைக்குப் பிந்தைய சேவை என்று ஒன்று இல்லவே இல்லை என வைத்துக்கொண்டு, அந்த வேலையை நீங்களே முன்கூட்டிச் செய்துவிடுங்கள். உதிரிகளை ஆர்டரிலேயே சேர்ப்பது, பெட்டி வந்த அன்றே அளந்து பார்ப்பது, பூட்டும்போதே உப்பு புகும் வழியை அடைப்பது. கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றின் விரிவுதான்.

உப்புக் காற்றில் கார்பன்

கார்பன் துருப்பிடிக்காது என்ற ஒரு வரியை நம்பித்தான் கடலோரத்தில் பலர் இதை வாங்குகிறார்கள். வரி உண்மை. ஆனால் ஃபிரேம் முழுக்கக் கார்பன் இல்லை. பாட்டம் பிராக்கெட் திருகு உட்காரும் அலுமினிய வளையம், பாட்டில் கூடு மாட்டும் ரிவெட் நட்டு, ஹேங்கர், பின் ஆக்சில் பூட்டும் நட்டு எல்லாம் உலோகம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அது அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புநீர் புகுந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடும். அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். கரைந்தது வெள்ளைப் பொடியாகி, முன்பிருந்ததைவிட அதிக இடத்தை அடைக்கும். சீட் போஸ்ட் இறுகுவதும், ரிவெட் நட்டைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளிப்பதும், ஒட்டிய வளையம் விட்டுக்கொண்டு வருவதும் இதனால்தான்.

நம் கடலோரம் இதில் சாதாரண இடம் அல்ல. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் கடலுக்கென்றே உள்ள பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டன. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களை உப்புக் காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. கோயம்புத்தூரில் ஐந்து வருடம் சும்மா ஓடிய ஃபிரேம் இங்கே அப்படி ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படி 1: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

மலிவு ஃபிரேம்களில் பெரும்பாலானவை ஓப்பன் மோல்டு வகை. ஒரு தொழிற்சாலை ஒரு அச்சில் செய்வதைப் பலர் வாங்கி, தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்பார்கள். ஒரே ஃபிரேம் நாலு பெயரில், நாலு விலையில் கிடைக்கும். இதில் தவறு ஒன்றும் இல்லை. பெரிய பிராண்டின் பெயரை ஒட்டிப் பாதி விலைக்கு வருவது வேறு கதை, அது போலி. அதன் பக்கமே போக வேண்டாம்.

"டி800", "டி1000" என்று கார்பன் இழையின் தரத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். இவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். நல்ல இழையை மோசமாக அடுக்கினால் மோசமான ஃபிரேம்தான் கிடைக்கும். டி700 இழையை ஒழுங்காக அடுக்கி, காற்றுக் குமிழும் சுருக்கமும் இல்லாமல் வார்த்தால் அது போதும். ஆகவே இழையின் பெயரைக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அந்தச் சோதனையில் பெடல் மிதிக்கும் விசையை 1 லட்சம் முறை கொடுத்து ஃபிரேம் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அறிக்கையில் உள்ள மாடல் எண்ணும் நீங்கள் வாங்கும் மாடல் எண்ணும் ஒன்றா, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கும் தனியாக அறிக்கை உண்டா என்று பாருங்கள். வேறு ஃபிரேமின் அறிக்கையை அனுப்புவது சகஜம்.

அடுத்து பாட்டம் பிராக்கெட். கடலோரத்துக்கு எது நல்லது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பிஎஸ்ஏ, டி47 போன்ற திருகு வகைகளில் உள்ளே அலுமினிய வளையம் ஒட்டியிருக்கும். உப்பு அந்த ஒட்டைத் தாக்கலாம். பிபி86 போன்ற அழுத்திச் செருகும் வகையில் வளையம் கிடையாது. ஆனால் மலிவு அச்சுகளில் துளை சரியான வட்டமாக வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, வரவில்லை என்றால் கிரீச்சல் ஓயாது. என் வாக்கு டி47-க்கு. வளையத்துக்கும் கார்பனுக்கும் நடுவே கண்ணாடியிழைத் துணி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் பேட்டரி உருவாகாது. கேள்வி புரியாதவர் போல நடித்தால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஹேங்கர் யுடிஎச் வகையாக இருக்கட்டும். 2019-இல் சைக்கிள் உதிரி நிறுவனமான ஸ்ராம் அறிமுகப்படுத்திய இந்தப் பொது அளவு ஹேங்கரைப் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதால் எங்கேயும் வாங்கலாம். தனி வடிவ ஹேங்கர் என்றால் ஃபிரேமோடு குறைந்தது மூன்று சேர்த்து ஆர்டர் போடுங்கள். அதே ஆர்டரில் சீட் போஸ்ட்டை இறுக்கும் சீட் கிளாம்ப் ஆப்பு ஒரு உபரி, முன்பின் ஆக்சில்கள், ஹெட்செட்டின் பிளவு வளையம், கேபிள் துளை ரப்பர்கள். சீட் போஸ்ட் தட்டை வடிவமோ ஆங்கில டி எழுத்து வடிவமோ கொண்டது என்றால் அதிலும் ஒன்று கூடுதல். இந்தச் சில்லறைச் சாமான்களுக்காகத்தான் நல்ல ஃபிரேம்கள் பாதியில் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. இரண்டு வருடம் கழித்து அந்த அச்சையே தொழிற்சாலை நிறுத்தியிருக்கும்.

தினமும் வேலைக்கு ஓட்டிப்போக ஒரே ஒரு சைக்கிள்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்தக் காசுக்கு நல்ல அலுமினிய ஃபிரேம் வாங்குங்கள். அலுமினியமும் உப்பில் அரிக்கும்தான். ஆனால் அதற்கு மதுரையிலாவது கடையும் உதிரியும் உண்டு.

படி 2: பணமும் கஸ்டம்ஸும்

வங்கி மூலம் நேரடியாக வெளிநாட்டுக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், என்ன தள்ளுபடி கொடுத்தாலும் சரி. பேபாலில் கட்டினால் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். கிரெடிட் கார்டு என்றால் உங்கள் வங்கியின் கெடுவை முன்பே கேட்டு வையுங்கள். அந்த 180 நாள் ஓடத் தொடங்குவது பணம் கட்டிய நாளிலிருந்து, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. பெயிண்ட் அடிக்க ஒரு மாதம், கப்பலோ கூரியரோ இன்னொரு மாதம் என்று போனால் மிச்சம் குறைவு.

விற்பவர், "பரிசு என்று போட்டு அனுப்பட்டுமா, விலையைக் குறைத்துக் காட்டட்டுமா?" என்று அன்போடு கேட்பார். இரண்டும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பரிசு என்ற பெயரில் வரும் பார்சலுக்கு இருந்த வரிச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. விலையைக் குறைத்துக் காட்டினால் கஸ்டம்ஸ் தானே மதிப்புப் போட்டு அபராதமும் போடலாம். அதைவிட முக்கியம், பெட்டி உடைந்து வந்தால் காகிதத்தில் உள்ள அந்தக் குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.

திருப்பி அனுப்பும் செலவையும் இப்போதே கணக்குப் போடுங்கள். கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடும். 100 × 60 × 20 பெட்டி என்றால் 24 கிலோ. உள்ளே ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து இரண்டு கிலோகூட இருக்காது, கட்டுவது 24 கிலோவுக்கு. "திருப்பி அனுப்புங்கள், முழுப் பணம் தருகிறேன்" என்று விற்பவர் தாராளமாகச் சொல்வதன் ரகசியம் இதுதான். திருப்பும் கூரியர் செலவு யாருடையது என்று ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

கீழக்கரை, தொண்டி, ஏர்வாடிப் பக்கம் இன்னொரு வழி உண்டு: துபாயிலோ சவூதியிலோ இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது கொண்டுவருவது. போக்குவரத்துச் செலவு மிச்சம். ஆனால் பில் அவர் பெயரில், வாரண்டி அந்த நாட்டில். பில்லையும் பணம் கட்டிய ரசீதையும் படம் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை அவர் அங்கேயே பிரித்து, கீழே படி 3-இல் உள்ளதைப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும்; இங்கே வந்தபின் கண்டுபிடிக்கும் குறைக்கு மறுபடி ஒரு லீவு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

படி 3: பெட்டி வந்த அன்று

கூரியர் லேபிளைக் காட்டி, வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். பெட்டியின் ஆறு பக்கமும், ஃபிரேமின் சீரியல் எண்ணும், தராசில் எடையும் அதில் வர வேண்டும். கூரியர் பையன் அவசரப்படுவான். பெட்டி நசுங்கியிருந்தால் அவன் காகிதத்திலேயே "பெட்டி சேதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் ராத்திரி வரை பொறுங்கள். விளக்கை அணைத்து, டார்ச்சை ஃபிரேமுக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தால் பகலில் தெரியாத மேடுபள்ளமும் கீறலும் தெரியும். ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபும் கீழ்க்குழாயும் சேரும் இடம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, அதன் பின்னால் செயின் பக்கக் குழாய், சீட் குழாயின் உச்சி, ஃபோர்க்கின் தோள்பட்டை, பிரேக் மாட்டும் இடம். விசை திரளும் இடங்கள் இவைதான்.

உட்புறம் இன்னும் முக்கியம். போனில் செருகும் எண்டோஸ்கோப் கேமரா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஹெட் டியூப் வழியாகவும் பாட்டம் பிராக்கெட் வழியாகவும் விட்டுப் பாருங்கள். வார்க்கும்போது வைத்த பிளாஸ்டிக் பையின் கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது குறை இல்லை, இழுத்து எடுத்துவிடலாம். துணி மடிந்து வரப்பு போல் நிற்பது, ரெசின் (இழையை ஒட்டும் பிசின்) இல்லாமல் காய்ந்துபோன இழை, விரல் அளவு ரெசின் கட்டி ஆகியவை ஹெட் டியூப் பக்கமோ பாட்டம் பிராக்கெட் பக்கமோ இருந்தால் படம் எடுத்து உடனே புகார் அனுப்புங்கள்.

ஒரு ரூபாய் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டுங்கள். நல்ல இடத்தில் 'டிக்' என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் மந்தமாக, அடங்கிக் கேட்கும். இணைப்புகளில் தடிமன் கூடுவதால் சத்தம் இயல்பாகவே மாறும். அதனால் இடதையும் வலதையும் ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். காது சந்தேகப்பட்டால் ஃபைபர் படகு பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். அவருக்கு இந்தச் சத்தம் பழக்கம்.

இனி அளவு. வெர்னியர் காலிப்பர் ஒன்று தேவை. பிபி86 ஷெல்லின் (பாட்டம் பிராக்கெட் செருகும் துளையின்) உள்விட்டம் 41 மி.மீ., பிஎஃப்30 என்றால் 46. இரண்டு பக்கமும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதுங்கள். ஒரே துளையில் 0.1 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அது முட்டை வடிவம். பேரிங் போட்டாலும் கிரீச்சிடும். திருகு வகையில் கிரீஸ் தடவிய பாட்டம் பிராக்கெட் கப்பைக் கையாலேயே நாலைந்து சுற்றுச் சுற்ற முடிய வேண்டும். ஹெட்செட் பேரிங்கை அதன் இருக்கையில் வைத்து அழுத்தினால் ஆடாமல் உட்கார வேண்டும். பெயிண்ட் திரண்டு தடுத்தால் சுரண்டி எடுக்கலாம், கார்பனைச் சுரண்டக் கூடாது.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்பதற்கு ஒரு நூல் போதும். பின் சக்கரம் மாட்டும் ஒரு முனையில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறுமுனைக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 3 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏற்கவே வேண்டாம்.

இவை முடியும்வரை ஒரு உதிரியும் பூட்டாதீர்கள். பூட்டிவிட்டால், "நீங்கள் பூட்டும்போது கெடுத்துவிட்டீர்கள்" என்று சொல்ல விற்பவருக்கு வசதி.

படி 4: உப்புக்கு வழி விடாமல் பூட்டுவது

இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனைத் தொடாதீர்கள். சீட் கிளாம்பும், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மும் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர் சுற்றில் இருக்கும்; உங்கள் உதிரியில் அச்சிட்ட எண்ணே இறுதி. கை உணர்வை நம்பி இறுக்கும் அனுபவசாலி மெக்கானிக்கிடம் இதை மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவர் கை இரும்புக்குப் பழகியது.

சீட் போஸ்ட்டுக்குக் கார்பன் பேஸ்ட். அதில் உள்ள மணல் போன்ற நுண்ணிய துகள்கள் பிடிமானம் தரும், குறைவாக இறுக்கினாலே போதும். உலோகத் திருகுகளுக்கும் பாட்டம் பிராக்கெட் கப்புக்கும் தாராளமாக கிரீஸ். படகு எஞ்சினுக்குப் போடும் மரைன் கிரீஸ் இங்கே எந்த மீன்பிடி ஊரிலும் கிடைக்கும், உப்புநீருக்கு நன்றாகத் தாங்கும். அதை வெளிநாட்டு டப்பாவில் பத்து மடங்கு விலைக்கு வாங்கத் தேவையில்லை. போல்ட்டுகள் 316 தர எஃகாக இருக்கட்டும். ரிவெட் நட்டின் விளிம்பில் தெளிவான நெயில் பாலிஷை மெல்லப் பூசினால் பெயிண்டுக்கு அடியில் நீர் இறங்குவது குறையும். பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் நீர் வடியும் துளை உண்டா என்று பாருங்கள். இல்லை என்றால் நீங்களாகத் துளை போடாதீர்கள். அடிக்கடி சீட் போஸ்ட்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்ப்பதுதான் வழி.

ஃபோர்க்கின் தண்டை வெட்டும்போது நுண்பல் பிளேடு, ஈரம், முகக்கவசம் மூன்றும் வேண்டும். கார்பன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தண்டுக்கு உள்ளே விரிந்து அதைத் தாங்கும் எக்ஸ்பாண்டர் பிளக் கட்டாயம், அதுவும் ஸ்டெம் பிடிக்கும் உயரத்தில் சரியாக உட்கார வேண்டும். ஃபிரேமில் காசு மிச்சம் பிடிக்கலாம், ஃபோர்க்கில் வேண்டாம். பின்குழாய் விரிசல் விட்டால் சத்தம் கேட்டு இறங்கிவிடலாம். பாம்பன் சாலைப் பாலத்தின் இரும்பு இணைப்பில் ஃபோர்க் விட்டுப்போனால் இறங்க நேரம் இருக்காது.

படி 5: ஓட்டிய பிறகு

அரிச்சல்முனை போய் வந்தால் அன்றே துடைக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்து பேரிங் இடுக்கு வரை ஏறியிருக்கும். இங்கே பலர் செய்வது போர் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. நம் மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. உப்பைக் கழுவ உப்பையே ஊற்றிப் பயனில்லை. குழாயில் வரும் காவிரிக் குடிநீர் அரை வாளியும் இரண்டு துணியும் போதும். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, கடல் காற்று நேரே படாத அறையில் வையுங்கள்.

மாதம் ஒருமுறை சீட் போஸ்ட்டை உருவித் துடைத்து, புதுப் பேஸ்ட் தடவிச் செருகுங்கள். இதை விட்டவர்கள்தான் பிறகு ரம்பத்தோடு உட்கார்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெட்செட்டையும் கழற்றித் துடையுங்கள்.

படி 6: கீறல் தெரிந்தால்

பெயிண்ட் கீறலா, கார்பன் கீறலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கீறலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறதா, நாணயச் சத்தம் மந்தமாகிறதா? இரண்டில் ஒன்று 'ஆம்' என்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள். இரண்டும் 'இல்லை' என்றாலும், ஃபோர்க்கிலோ ஸ்டெம்முக்கு அடியிலோ உள்ள கீறலை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது வேண்டாத வேலை.

படகு ஃபைபர் வேலைக்காரரிடம் கொடுத்து ஒட்டிவிடலாமே என்று யோசனை வரும். படகுக்கு அவர்கள் போடுவது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசினும் கண்ணாடியிழை மேட்டும். ஃபிரேமில் இருப்பது எபாக்ஸி என்ற வேறு ரெசின். காய்ந்த எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது, சில மாதத்தில் ஓடு போல் கழன்று வரும். கார்பனைப் பழுது பார்க்கிறவர் கீறலைச் சுற்றிப் படிப்படியாகத் தேய்த்து இறக்கி, இழையின் திசை பார்த்துக் கார்பன் துணியை அடுக்கி, எபாக்ஸியில் அழுத்தம் கொடுத்துக் காயவைப்பார். அப்படிச் செய்பவர்கள் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். பழுதுச் செலவு ஃபிரேம் விலையில் பாதியைத் தொட்டால் நான் விட்டுவிடுவேன். ஃபோர்க்கைப் பழுது பார்க்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

படி 7: புகார்

சாட்டில் பேசியதை மின்னஞ்சலில் மறுபடி எழுதி அனுப்புங்கள். ஆர்டர் எண், சீரியல் எண், குறை என்ன, அளவு என்ன, உங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும். ஐந்து வரி போதும், கோபம் வேண்டாம். பதிலுக்கு மூன்று தந்திரங்கள் வரலாம். ஒன்று, "முதலில் ஓட்டிப் பாருங்கள்". ஓட்டினால் உங்கள் தவறாகிவிடும். இரண்டு, சின்னத் தொகை கொடுத்து தகராறை மூடச் சொல்வது. மூடிய தகராறைத் திரும்பத் திறக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். மூன்று, "தொழிற்சாலையில் கேட்கிறேன்" என்று கெடு தீரும்வரை இழுப்பது. ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால் பேபாலிலோ வங்கியிலோ தகராறைப் பதிந்துவிடுங்கள். பேச்சு அதன்பிறகும் தொடரலாம், நீங்கள் எழுப்பினீர்கள் என்று யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

மாற்று ஃபிரேம் அனுப்புவதாக ஒத்துக்கொண்டால், அதற்கும் கஸ்டம்ஸில் வரி கேட்கக்கூடும். அதை யார் கட்டுவது என்று அப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

இந்தியாவில் உள்ள இறக்குமதியாளரிடம் வாங்கியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அந்த வழியை நான் பரிந்துரைப்பது இதனால்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் விற்பவர்' என்ற விளக்கத்துக்குள் இறக்குமதி செய்பவரும் வருகிறார். "நாங்கள் வெறும் ஏஜெண்டு, தயாரித்தவரிடம் கேளுங்கள்" என்று அவர் கைகழுவ முடியாது. பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு அச்சாகியிருக்க வேண்டும். அந்த லேபிளைக் கிழிக்காமல் வையுங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பதியலாம். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில், அதாவது ராமநாதபுரத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இணையத்தில் இ-ஜாக்ருதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். பில், பணம் கட்டிய சான்று, பெட்டி பிரித்த வீடியோ, காலிப்பர் அளவுகள் எழுதிய தாள், மின்னஞ்சல் நகல்கள், லேபிள் படம் எல்லாம் ஒரே உறையில். ஃபிரேமை மட்டும் அதுவரை யாருக்கும் விற்றுவிடாதீர்கள், பழுதும் பார்க்காதீர்கள்; ஆணையம் அதை நிபுணரிடம் அனுப்பச் சொல்லலாம்.